வேர் வளர்ச்சியில் வைட்டமின் சி, நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைட்டமின் சி மனிதருக்கு வேண்டிய சத்து. செடிக்கு அதில் என்ன வேலை?

நமக்கு அது வெளியிலிருந்து வந்தாக வேண்டும். செடி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வேதியியலில் இதை அஸ்கார்பிக் அமிலம் என்பார்கள். செல்லுக்குள் பெரும்பாலும் அஸ்கார்பேட் வடிவில் இருக்கும். சர்க்கரையில் தொடங்கி மானோஸ், காலக்டோஸ் வழியாகப் படிப்படியாக உருவாகிறது. வீலர், ஜோன்ஸ், ஸ்மிர்னாஃப் மூவரும் 1998-ல் இந்தப் பாதையைத் தெளிவுபடுத்தினார்கள். கடைசிப் படி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நடக்கிறது.

அஸ்கார்பேட்டின் முக்கியமான குணம், எலெக்ட்ரானைச் சுலபமாகக் கொடுத்துவிடுவது. யாருக்குக் கொடுக்கிறது, எந்த இடத்தில், எந்த நொதி அதை வாங்கிச் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். கையிலிருக்கும் சில்லறை மாதிரிதான்: எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே செலவாகிறது என்பது முக்கியம். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதி தானாக விளங்கிவிடும்.

வேரில் இருக்கும் வைட்டமின் சி வேரிலேயே உருவாகிறதா, இலையிலிருந்து வருகிறதா?

இரண்டும் உண்டு. வேர்ச் செல்களால் தயாரிக்க முடியும். அதோடு, இலையில் உருவானது, சர்க்கரையைக் கொண்டுபோகும் சல்லடைக் குழாய் வழியாக வேர்நுனி போன்ற வளரும் பகுதிகளுக்கு இறங்குவதையும் 2002-ல் காட்டியிருக்கிறார்கள். எப்படியும் மூலப்பொருள் இலை செய்த சர்க்கரைதான். பொதுவாக இலையில் உள்ள அளவைவிட வேரில் குறைவாகவே இருக்கும்.

வேர்நுனியில் அது என்ன செய்கிறது?

இதுதான் இந்த விஷயத்தில் மிக சுவையான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வேரின் நுனியில், வேர்மூடிக்குச் சற்று மேலே, ஒரு சிறு செல்கூட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்க, இவை மட்டும் அநேகமாகப் பிரிவதே இல்லை. இந்தப் பகுதிக்கு உறக்க மையம் என்று பெயர். 1950-களில் கிளவுஸ் என்ற தாவரவியலாளர் அடையாளம் கண்டது. ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் நான்கே செல்கள், மக்காச்சோளத்தில் நூற்றுக்கணக்கில். சும்மா இருப்பதுபோலத் தெரிந்தாலும், சுற்றியுள்ள செல்களை ‘இன்னும் முதிராதே’ என்று தடுத்து வைத்திருப்பவை இவைதான். இவை போனால் வேரின் ஒழுங்கே போய்விடும்.

இவை ஏன் பிரியாமல் இருக்கின்றன? கெர்க், ஃபெல்ட்மன் என்ற இருவர் 1995-ல் மக்காச்சோள வேரை வைத்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். உறக்க மையத்தில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்ற நொதி மிகுதியாக இருக்கிறது. அது அஸ்கார்பேட்டை ஆக்சிஜனேற்றம் செய்து தீர்த்துவிடுகிறது. வேர்நுனியில் சேரும் ஆக்சின் என்ற ஹார்மோன் இந்த நொதியின் அளவைக் கூட்டுகிறது. ஆக, ஆக்சின் மிகுந்த இடத்தில் நொதி அதிகம், வைட்டமின் சி குறைவு, செல்பிரிவு மந்தம்.

இதற்கு முன்பே, 1980-களில், இத்தாலிய ஆய்வாளர்கள் வெங்காய வேருக்கு வெளியிலிருந்து அஸ்கார்பிக் அமிலம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த செல்கள் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்துக்கு நகர்ந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறக்க மையம் விழித்துக்கொள்வது வேருக்கு நல்ல செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். அது தூங்க வேண்டிய இடம்.

வைட்டமின் சி மட்டும்தான் அந்தச் செல்களைக் கட்டிப்போடுகிறது என்றும் சொல்ல முடியாது. உறக்க மையத்துக்கென்றே வேலை செய்யும் ஜீன்கள் தனியாக இருக்கின்றன. அஸ்கார்பேட்டின் நிலை அந்த ஏற்பாட்டில் ஒரு பங்கு.

வைட்டமின் சி அறவே இல்லாவிட்டால் வேர் என்ன ஆகும்?

வேர் மட்டுமில்லை, செடியே நிற்காது. அரபிடாப்சிஸில் இந்த உற்பத்திப் பாதையின் முக்கியமான ஒரு படிக்கு இரண்டு ஜீன்கள் உண்டு. இரண்டையும் முடக்கிய நாற்றுகள் விதையிலை விரித்ததோடு நின்று வெளுத்துப்போயின. அஸ்கார்பேட்டையோ அதற்கு முந்தைய பொருளான காலக்டோஸின் ஒரு வகையையோ கொடுத்ததும் மீண்டன. 2007-ல் வந்த முடிவு இது.

ஆனால் குறைவாக இருப்பது வேறு கதை. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் முடக்கினால் அஸ்கார்பேட் வழக்கத்தில் 20-30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட செடிகள் வளர்ச்சி குன்றியவை என்றுதான் ரொம்ப நாள் நம்பப்பட்டது. 2016-ல் கவனமாகப் பார்த்தபோது, அந்தக் குறைவால் மட்டும் செடி சிறுத்துவிடவில்லை, பழைய செடிகளில் இருந்த வேறொரு ஜீன் மாற்றம்தான் குழப்பத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. சாதாரண நிலையில் வளரும் செடியிடம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பழைய கட்டுரைகளில் லைகோரின் என்ற ஆல்கலாய்டு வரும். வைட்டமின் சி உற்பத்தியைத் தடுத்து வேர்ச் செல்களின் பிரிவை நிறுத்துகிறது என்று காட்டினார்கள். அது புரத உற்பத்தியையும் தடுக்கக்கூடியது. அதனால் அந்தச் சோதனைகளை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது சரியில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்கு நஞ்சு, அதை அழிக்கத்தான் வைட்டமின் சி என்று படித்தேன். சரிதானா?

பாதி சரி. அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதி, அஸ்கார்பேட்டைச் செலவழித்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்குகிறது. செலவான அஸ்கார்பேட்டை வேறு மூன்று நொதிகள் பழையபடி மீட்டுத் தருகின்றன. குளுட்டாதயோன் என்ற பொருள் இதில் எலெக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுக்கிறது. ஃபோயர், ஹாலிவெல் இருவரும் 1976-ல் முன்வைத்த சுழற்சி இது. ஆசாதா என்ற ஆய்வாளரின் பெயரும் பின்னர் சேர்ந்தது.

மீதிப் பாதி என்னவென்றால், வேர் வளர ஹைட்ரஜன் பெராக்சைடும் அதன் உறவுப் பொருட்களும் தேவை. வேர்நுனியில் செல்பிரிவு நடக்கும் பகுதியில், அந்த உறவுப் பொருட்களில் ஒன்றான சூப்பர் ஆக்சைடு அதிகம். செல்கள் நீண்டு முதிரும் பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகம். இரண்டுக்கும் இடையிலான விகிதம்தான் ஒரு செல் எப்போது பிரிவதை நிறுத்தி முதிரத் தொடங்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் ஒன்று. பெராக்சிடேஸ் நொதிகளைக் கட்டுப்படுத்தும் அப்பீட்1 என்ற புரதம் இதை நிர்வகிப்பதாக 2010-ல் கண்டார்கள். அந்தப் புரதம் இல்லாத செடியின் வேர் நீளமாக வளர்ந்தது.

வேரின் மேல்தோலிலிருந்து நீளும் மெல்லிய இழையான வேர்த்தூவியும் அப்படித்தான். தூவியின் முனையில் ஒரு நொதி வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடை உற்பத்தி செய்கிறது. அதனால் கால்சியம் உள்ளே பாய்கிறது, முனை நீள்கிறது. அந்த நொதி கெட்டுப்போன செடியில் தூவிகள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. 2003-ல் வெளியான ஆய்வு. ‘ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு போட்டாலும் நல்லது’ என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு வேர்த்தூவியைக் காட்டினால் போதும்.

குளுட்டாதயோன் இல்லாமல் வைட்டமின் சி மட்டும் போதுமா?

போதாது. குளுட்டாதயோன் தயாரிக்கும் முதல் நொதி பழுதான ஒரு அரபிடாப்சிஸ் வகையில், கருவில் வேர் உருவாகிறது. விதை முளைத்த பிறகு வேர்நுனிச் செல்கள் பிரிவதே இல்லை. வைட்டமின் சியைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

செல் பிரிந்தால் மட்டும் வேர் நீளுமா?

நீளாது. பிரிந்த செல்கள் பல மடங்கு நீள வேண்டும். அதற்குச் செல்சுவர் தளர வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. செல் புரோட்டான்களை வெளியே தள்ளிச் சுவரை அமிலமாக்குகிறது. அந்த அமிலச் சூழலில் எக்ஸ்பேன்சின் என்ற புரதங்கள் சுவர் இழைகளின் பிடியைத் தளர்த்துகின்றன. (கறாராகச் சொன்னால் இவை நொதிகள் அல்ல, எதையும் வெட்டுவதில்லை. 1992-ல்தான் பிரித்தெடுத்தார்கள்.) செல்சுவரில் உள்ள சைலோகுளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டும் நொதிகள், சுவரின் பசைபோன்ற பெக்டினை மாற்றும் நொதிகள் எல்லாம் இதோடு சேர்ந்து வேலை செய்கின்றன.

வைட்டமின் சி இங்கே இரண்டு விதமாக நுழைகிறது. செல்சுவரில் உள்ள பெராக்சிடேஸ் நொதிகள் பீனால் பொருட்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சுவரை இறுக்கும். சுவர்ப் பகுதியில் அஸ்கார்பேட் இருக்கும்வரை அந்தப் பிணைப்பு தள்ளிப்போகும், செல் நீள நேரம் கிடைக்கும். இன்னொன்று எதிர்பாராதது: தாமிர அயனியோடு சேர்ந்தால் அஸ்கார்பேட்டே ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற மிகத் தீவிரமாக வினைபுரியும் பொருளை உண்டாக்கிச் சுவரின் சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கும். ஸ்டீஃபன் ஃப்ரை 1998-ல் சோதனைக் குழாயில் இதைக் காட்டினார். பாதுகாக்கும் பொருள் என்று பெயர் வாங்கியது வெட்டவும் செய்கிறது.

மனிதருக்கு ஸ்கர்வி வருவதற்கும் வேருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. நம் உடலில் புரோலின் என்ற அமினோ அமிலத்தின்மீது ஹைட்ராக்சில் குழுவைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் கொலாஜன் உறுதிப்படாது, ஈறு கசியும். அதே குடும்பத்து நொதி செடியிலும் இருக்கிறது. அங்கே அது எக்ஸ்டென்சின் போன்ற செல்சுவர்ப் புரதங்களைத் தயார் செய்கிறது. இந்தப் புரதங்களில் அந்த வேலையும் அதன்மீது சர்க்கரை ஏற்றும் வேலையும் நடக்காவிட்டால் வேர்த்தூவி சரியாக நீளாது என்று 2011-ல் தெரியவந்தது.

அப்படியானால் வைட்டமின் சி எப்போதும் வேரை நீட்டத்தானே செய்யும்?

இல்லை. எத்திலீன் வாயுவைத் தயாரிக்கும் கடைசி நொதிக்கும் இரும்போடு அஸ்கார்பேட் வேண்டும். எத்திலீன் வேரின் நீளத்தைக் குறைத்து, தூவிகளைக் கூட்டும். ஜிப்ரெலின் ஹார்மோன் தயாரிப்பில் வரும் சில நொதிகளும் இதே வகை. ஒரே பொருள் வேரை நீட்டும் பக்கமும் சுருக்கும் பக்கமும் வேலை செய்கிறது.

பக்கவேர் எப்படி வெளியே வருகிறது? அதிலும் நொதிகள் உண்டா?

பக்கவேர் மேற்பரப்பில் முளைப்பதில்லை. உள்ளே பெரிசைக்கிள் என்ற அடுக்கில் தொடங்கி, மேலிருக்கும் அடுக்குகளைக் கடந்து வர வேண்டும். இளம் பக்கவேரிலிருந்து கசியும் ஆக்சின், வழியில் உள்ள செல்களைத் தூண்டுகிறது; அவை பெக்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து தாமே விலகி இடம் கொடுக்கின்றன. முட்டிமோதி வருவதல்ல, உள்ளேயிருந்து கதவு திறக்கப்படுகிறது.

வேர் தன் நொதிகளை மண்ணுக்குள் விடுமா?

விடும். பாஸ்பரஸ் குறைந்தால் அமிலப் பாஸ்படேஸ் நொதிகளை வெளியிட்டு, கரிமப் பொருட்களில் மாட்டிக்கொண்ட பாஸ்பேட்டை விடுவிக்கும். இரும்பு குறைந்தால், புல் வகைகள் தவிர்த்த செடிகள் வேரின் மேல்பரப்பில் உள்ள ரிடக்டேஸ் நொதியால் இரும்பை உறிஞ்சக்கூடிய வடிவுக்கு மாற்றும். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளுக்குள்ளும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் நிறைய உண்டு. நைட்ரஜனை நிலைப்படுத்தும் வேலை ஹைட்ரஜன் பெராக்சைடால் கெடாமல் அது காக்கிறது.

சரி, வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துச் செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம், பெரிய பலன் இருக்காது. மண்ணில் ஆக்சிஜன், இரும்பு, தாமிரம், நுண்ணுயிர்கள் எல்லாம் இருக்கின்றன. அஸ்கார்பிக் அமிலம் அங்கே நெடுநேரம் தாங்காது. முதலில் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகும். நடுநிலையான தண்ணீரில் அதுவும் சீக்கிரமே உடைந்து, திரும்பப் பெற முடியாத பொருளாகிவிடும். மாத்திரையில் நிறமும் சுவையும் வேறு சேர்த்திருப்பார்கள்.

மண்ணில்லாமல் நீர்க்கரைசலில் வளர்த்தால்? அங்கே வேரை நேரடியாகத் தொடும். அஸ்கார்பிக் அமிலத்தை மில்லிமோலார் அளவுக்கு (ஒரு மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 176 மில்லிகிராம்) உயர்த்திய பல சோதனைகளில் வேர் நீள்வது குறைந்திருக்கிறது. தாமிரம் அதிகமுள்ள கரைசலாக இருந்தால் மேலே சொன்ன ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

நீர்ப்பாசனத் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்க அஸ்கார்பிக் அமிலம் உண்மையிலேயே உதவும். எடையில் 1 பங்கு குளோரினுக்குச் சுமார் 2.5 பங்கு தேவை. அதன்பின் செடி தெளிவாக வளர்ந்தால் குளோரின் போனதற்கு நன்றி சொல்லுங்கள், வைட்டமினுக்கு அல்ல.

எலுமிச்சைச் சாறு?

வேண்டாம். அதில் வைட்டமின் சியைப்போல நூறு மடங்குக்குமேல் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. நீங்கள் வேருக்குக் கொடுப்பது புளிப்பு.

தண்டுத் துண்டு வேர்விட வைட்டமின் சி உதவுமா?

துண்டில் வேரைத் தொடங்கிவைப்பது ஆக்சின். கடைகளில் கிடைக்கும் வேர்த்தூண்டிப் பொடிகளில் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலமோ நாப்தலீன் அசிட்டிக் அமிலமோதான். வைட்டமின் சி அந்த வேலையைச் செய்யாது.

திசு வளர்ப்பில் மட்டும் அதற்கு உறுதியான இடம் இருக்கிறது. வெட்டிய திசுவில் பீனால்கள் ஆக்சிஜனேற்றமடைந்து கறுக்கும், அந்தக் கறுப்பே திசுவைக் கொல்லும். இதைத் தடுக்க லிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம்வரை அஸ்கார்பிக் அமிலம், பெரும்பாலும் சிட்ரிக் அமிலத்தோடு, சேர்ப்பார்கள். சூட்டில் கெடும் என்பதால் கிருமி நீக்கும் நீராவிக் கலனில் போடாமல் நுண்வடிகட்டியில் வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும்.

விதையை அதில் ஊறவைத்து நடலாமா?

காய்ந்த விதையில் அஸ்கார்பேட் மிகக் குறைவு. முளைக்கத் தொடங்கியதும் உற்பத்தி வேகமெடுக்கும். உப்பு மிகுந்த மண், வறட்சி போன்ற நெருக்கடிகளில், ஊறவைத்த விதைகளின் நாற்றுவேர் ஓரளவு நன்றாக வந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பயிருக்குப் பயிர் முடிவு மாறுகிறது. வெறும் தண்ணீரில் ஊறவைத்தாலே முளைப்பு மேம்படும், அதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பாட்டிலில் விற்கும் ‘வேர் என்சைம்’ பற்றி?

நொதி என்பது பெரிய புரத மூலக்கூறு. செல்சுவரின் துளைகள் சில நானோமீட்டர் அகலம்தான். அதைத் தாண்டினாலும் செல்சவ்வு தடுத்துவிடும். ஊற்றிய நொதி வேர்ச் செல்லுக்குள் போய் வேலை செய்யும் என்பது நடக்காத காரியம். வெளியே வேண்டுமானால் செய்யலாம்: செல்லுலேஸ் இறந்த வேர்த்துண்டுகளைக் கரைக்கும், பாஸ்படேஸ் கொஞ்சம் பாஸ்பேட்டை விடுவிக்கும். மண் நுண்ணுயிர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. போதாததற்கு, ஊற்றிய புரதத்தையும் அவையே தின்றுவிடும். பாட்டிலில் எந்த நொதி, எவ்வளவு செயல்திறன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் காசை மிச்சம்பிடியுங்கள்.

அப்போ வேரின் சொந்த நொதிகள் நன்றாக வேலை செய்ய நான் என்னதான் செய்வது?

காற்று. வேரின் சுவாசம், வைட்டமின் சி தயாரிப்பின் கடைசிப் படி, அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் எல்லாமே ஆக்சிஜனையோ அது ஓட்டும் மைட்டோகாண்ட்ரியாவையோ நம்பியிருக்கின்றன. வாயுக்கள் தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நீர் தேங்கினால் ஆக்சிஜன் வராது, எத்திலீனும் வெளியேறாது.

அப்புறம் வெளிச்சம். இலைக்குச் சர்க்கரை செய்ய வழியில்லாவிட்டால் வேருக்கு மூலப்பொருள் இல்லை. இரும்பு, தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை நொதிகளின் மையத்தில் உட்காரும் உலோகங்கள், சிட்டிகை அளவு போதும். தாமிரம் கூடினால் முதலில் அடிவாங்குவது வேர்நுனிதான்.

வைட்டமின் சியின் விளைவை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், வெங்காயம் போதும். வேர்விட்ட வெங்காயங்களை மூன்று குழுவாக்குங்கள்: வெறும் தண்ணீர், லிட்டருக்கு 18 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம், 176 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம். கடைசியது ஒரு மில்லிமோலார். ஒரு குழுவுக்கு ஐந்தாறு வெங்காயமாவது இருக்கட்டும். தூய பொடியாக வாங்குங்கள், மாத்திரை வேண்டாம். இருட்டில் வைத்து, கரைசலைத் தினமும் புதிதாக மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு மில்லிமோலார் கரைசலின் பிஎச் சுமார் 3.6. வேர் நின்றுபோனால் அது வைட்டமின் சியாலா, புளிப்பாலா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு 176 மில்லிகிராமுக்கும் 84 மில்லிகிராம் சமையல் சோடா சேர்த்தால் அமிலம் நடுநிலைக்கு அருகே வரும். அதில் சோடியம் சேர்ந்துவிடுவதால், வெறும் தண்ணீர்க் குழுவிலும் லிட்டருக்கு 58 மில்லிகிராம் சாதா உப்பைப் போடுங்கள். 18 மில்லிகிராம் குழுவுக்குச் சோடா 9 மில்லிகிராம், உப்பு 52 மில்லிகிராம். இப்போது மூன்றிலும் சோடியம் ஒன்றுபோல இருக்கும், அளவுகோலை எடுத்து வேரை அளக்கலாம்.